தீவுக்கு ஏற்ற வைத்தியமா அலைனர்?

பல்லுக்குக் கம்பி போட்டவர் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். தாம்பரத்தில் இருப்பவருக்கு அது ஒரு மாலை நேர வேலை. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் இருப்பவருக்குத் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரே 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கப்பலில் இடம் கிடைக்க வேண்டும், கடல் அடங்கியிருக்க வேண்டும். ஹெலிகாப்டர் என்றால் அவசர நோயாளிகள் போக இடம் மிஞ்ச வேண்டும். ஒரு பார்வைக்கே பள்ளியிலோ வேலையிலோ ஒரு வாரம் விடுப்பு எடுக்க நேரும். இந்தப் பயணம் ஒன்றரை, இரண்டு வருடம் தொடர வேண்டும். இடையில் கம்பியின் முனை கன்னத்தில் குத்தினாலோ, பல்லில் ஒட்டிய பிராக்கெட் கழன்றாலோ, அடுத்த கப்பல் வரை மெழுகை வைத்து அடைத்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட ஊரில் அலைனர் மனத்தைக் கவர்வதில் வியப்பில்லை. கண்ணாடி போலத் தெளிந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை. பல்லின் மேல் தானே மாட்டிக்கொள்ளலாம், சாப்பிடும்போது கழற்றிவிடலாம். குத்துவதற்குக் கம்பி இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கான உறைகளை மொத்தமாகக் கையில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம். அந்தமான் நிக்கோபாருக்கென்றே யாரோ யோசித்துச் செய்ததுபோல் இருக்கிறது. அந்தத் தோற்றம் எவ்வளவு தூரம் உண்மை? பல்லைப் பற்றிய ஆய்வுகளையும் தீவின் நிலவரத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் பல் எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். பல் எலும்பில் நேரடியாக ஊன்றி நிற்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. தடிப்பில் ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. பல்லை ஒரு பக்கம் மென்மையாக, விடாமல் அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மி.மீ. நகர்கிறது. அழுத்துவது எஃகுக் கம்பியா பிளாஸ்டிக்கா என்பது எலும்புக்குத் தெரியாது. விசை அளவாக இருக்கிறதா, சரியான திசையில் விழுகிறதா, தொடர்ந்து இருக்கிறதா என்பவைதான் கணக்கு. ஈறு நோயால் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கும் வாயில் இதே அழுத்தம் பல்லையே ஆட்டம் காண வைத்துவிடும். பின்னால் வரப்போகும் வாதங்கள் எல்லாம் இந்த ஒரு உண்மையைச் சுற்றித்தான் வருகின்றன.

உறையால் பல்லை நகர்த்தும் எண்ணம் புதிதல்ல. அமெரிக்கப் பல் மருத்துவர் ஹரால்ட் கெஸ்லிங் 1945இலேயே, கம்பி வைத்தியத்தின் கடைசிக் கட்டத்தில் பற்களைச் சிறிது நகர்த்தி முடிக்க ரப்பர் உறை ஒன்றைச் செய்தார். இப்படிப் பல உறைகளை வரிசையாகப் போட்டால் பெரிய நகர்வுகளும் கைகூடும் என்றும் சொன்னார். ஆனால் ஒவ்வொரு உறைக்கும் மாவுக்கட்டு அச்சில் பற்களை அறுத்து, நகர்த்தி, மெழுகில் ஒட்ட வேண்டும். அந்த உழைப்புக்கு யாரும் துணியவில்லை. 1993இல் ஜான் ஷெரிடன் எஸிக்ஸ் என்ற தெளிவான உறையைக் கொண்டுவந்தார். 1997இல் கலிபோர்னியாவில் அலைன் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கிய சியா சிஷ்டி, கெல்சி வர்த் இருவருமே பல் மருத்துவர்கள் அல்லர். ஸ்டான்போர்டில் வணிக மேலாண்மை படித்தவர்கள். மாவுக்கட்டு வேலையைக் கணினியிடம் கொடுத்ததுதான் அவர்கள் செய்த மாற்றம். 1998இல் அமெரிக்க அரசின் அனுமதி வந்தது, அடுத்த ஆண்டு இன்விசலைன் சந்தைக்கு வந்தது. முக்கியக் காப்புரிமைகள் 2017இலிருந்து ஒவ்வொன்றாகக் காலாவதியாகத் தொடங்கியதும் உலகம் முழுக்கப் போட்டி நிறுவனங்கள் முளைத்தன. இந்தியாவிலும் மும்பை, டெல்லிப் பக்கம் பல கூடங்கள் இன்று இதே வேலையைச் செய்கின்றன.

செய்முறை இதுதான். வாய்க்குள் ஒரு சிறு கேமராவை ஓட்டிப் பற்களின் முப்பரிமாண உருவத்தை எடுக்கிறார்கள். கணினித் திரையில் மருத்துவர் பற்களை இறுதி இடத்துக்கு நகர்த்திக் காட்டுகிறார். அந்தப் பயணத்தைக் கால் மி.மீ. படிகளாக மென்பொருள் வெட்டுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு அச்சு பிசினில் அச்சாகிறது. அதன் மேல் ஒரு மி.மீ.க்கும் குறைவான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இறக்கி, ஓரம் வெட்டி மெருகேற்றுகிறார்கள். நோயாளி ஒரு உறையை நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும். ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் அடுத்த உறைக்கு மாற வேண்டும். பலருக்குப் பல்லின் மேல் பல் நிறத்திலேயே சிறு பிசின் மேடுகளை ஒட்டுவார்கள். உறை பிடித்து இழுக்க அவைதான் கைப்பிடி. இடம் போதாவிட்டால் பற்களுக்கு இடையே எனாமலை மயிரிழையளவு தேய்ப்பதும் உண்டு. இந்த இரண்டு வேலைகளையும் தபாலில் செய்ய முடியாது என்பதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

திரையில் காட்டிய நகர்வு வாயில் நடக்கிறதா? அலைனரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். விளம்பரங்களில் இதற்குப் பதில் இருக்காது. 2005இல் லக்ராவேரும் ஃப்ளோரஸ் மிரும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்தபோது தேறியவை இரண்டே. லட்சக்கணக்கான பேர் உறை போடத் தொடங்கிய பிறகும் சான்று அவ்வளவுதான் இருந்தது! 2009இல் கிராவிட்ஸ் குழு முன்பற்களை அளந்து பார்த்தது. திட்டமிட்ட நகர்வில் சராசரியாக 41 விழுக்காடுதான் நிறைவேறியிருந்தது. பல்லை ஈறிலிருந்து வெளியே இழுக்கும் நகர்வு எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது. பிளாஸ்டிக் மாறியது, மேடுகளின் வடிவம் மாறியது, மென்பொருள் மாறியது. 2020இல் ஹவுய்லி குழு மறுபடி அளந்தபோது சராசரி 50 விழுக்காடு. முன்னேற்றம்தான், ஆனால் பாதிதான்.

இதைத் தோல்வி என்று படிக்க வேண்டியதில்லை. மருத்துவர்களுக்கு இது தெரியும். ஆகவே முதல் வரிசை உறைகள் தீர்ந்ததும் மறுபடி ஸ்கேன் செய்து இரண்டாம் வரிசை போடுவது வழக்கம். முதல் பெட்டியோடு வைத்தியம் முடிந்துவிடும் என்று நினைப்பதுதான் தவறு. பற்களை வரிசைப்படுத்துவது, சிறு நெருக்கடியையும் இடைவெளியையும் சரிசெய்வது, சற்றே சாய்ப்பது ஆகியவற்றை அலைனர் நன்றாகவே செய்கிறது. உருண்டையான கோரைப்பல்லையும் அதற்கடுத்த சிறு கடைவாய்ப்பல்லையும் சுழற்றுவது, பல்லை வெளியே இழுப்பது, பல் பிடுங்கிய இடத்தைப் பக்கத்துப் பல்லை வேரோடு நகர்த்தி மூடுவது ஆகியவற்றில் அது திணறுகிறது. 2020இல் பாபாஜார்ஜியூ குழு 11 ஆய்வுகளையும் 887 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, முடிவின் தரத்தில் கம்பியே முந்தி நின்றது.

வாய்ச் சுத்தத்தில் அலைனர் மேல் என்ற பேச்சும் பாதிதான் நிற்கிறது. கழற்றி விளக்கலாம் என்பது உண்மை. 2018இல் சிப்பர் குழு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, உறை போட்டவர்களையும் இரு வகைக் கம்பி போட்டவர்களையும் ஒப்பிட்டது. 18 மாத முடிவில் வாய்ச் சுத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விளக்குகிறவர் எதைப் போட்டாலும் விளக்குகிறார். விளக்காதவர் உறைக்குள் சர்க்கரையை அடைத்து வைக்கிறார்; எச்சில் பட்டுக் கழுவ முடியாததால் அங்கே சொத்தை வேகமாகவே விழும். உறையோடு தண்ணீர் மட்டும் குடிக்கலாம். டீயும் கூடாது, இளநீரும் கூடாது. சூடான டீ உறையை நெளித்துவிடும், கறையும் ஏற்றிவிடும். நாளுக்கு ஐந்தாறு தடவை டீ குடிக்கும் ஊரில் 22 மணி நேரம் என்பது எளிதான கணக்கல்ல. கம்பிக்கு நோயாளியின் ஒழுக்கம் அவ்வளவாகத் தேவையில்லை, அது பாட்டுக்கு வேலை செய்யும். அலைனர் சட்டைப்பையில் இருந்தால் பல் நகராது.

தீவுக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய கதை ஸ்மைல் டைரக்ட் கிளப்பினுடையது. அமெரிக்காவின் நாஷ்வில்லில் 2014இல் தொடங்கிய இந்த நிறுவனம், மருத்துவரிடம் போகாமலே பல்லை நேராக்கலாம் என்றது. வீட்டிலேயே அச்செடுத்து அனுப்பினால் போதும், உறைகள் தபாலில் வரும். 2019 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு சுமார் 890 கோடி டாலர். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2017இல், அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் மருத்துவர் இல்லாத பல் சீரமைப்பைக் கடுமையாக எச்சரித்துத் தீர்மானம் போட்டிருந்தது. எக்ஸ்ரே இல்லை, ஈறைத் தொட்டுப் பார்த்த ஆள் இல்லை, எலும்பு எவ்வளவு மிச்சம் என்று தெரியாது என்பதுதான் அதன் கவலை. 2023 செப்டம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. டிசம்பர் 8 அன்று கடையை மூடியது. பாதி வைத்தியத்தில் இருந்தவர்களுக்கு உறையும் இல்லை, தொலைபேசியில் பேச ஆளும் இல்லை. தவணைப் பணத்தை மட்டும் தொடர்ந்து கட்டச் சொன்னார்கள். அதே பாணியில் இயங்கிய பைட் என்ற உறையின் விற்பனையை அதன் உரிமையாளரான டென்ட்ஸ்ப்ளை சிரோனா 2024 அக்டோபரில் நிறுத்தியது.

இந்தக் கதையைத் தூரம் பற்றிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது பிழை. தூரத்தால் அந்த நோயாளிகள் கெடவில்லை. பொறுப்பேற்க ஒரு மருத்துவர் இல்லாததால் கெட்டார்கள். நாஷ்வில்லில் ஒவ்வொரு தெருவிலும் பல் மருத்துவர் உண்டு. அவரைத் தவிர்ப்பதே அங்கே வியாபாரமாக இருந்தது. அந்தமானில் நிலைமை தலைகீழ். இங்கே மருத்துவரைத் தவிர்க்க யாரும் விரும்பவில்லை, எட்ட முடியவில்லை.

சரி, தீவில் என்ன இருக்கிறது? 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர், 31 தீவுகளில் சிதறி. தாய்மொழி தமிழ் என்றவர்கள் சுமார் 15 விழுக்காடு. போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், அங்குள்ள அபர்டீன் பஜாரில் இன்னும் பழைய பெயர்தான் புழங்குகிறது. ஜி.பி. பந்த் மருத்துவமனையும், 2015இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், தனியார் பல் மருத்துவமனைகளும் அங்கே இருக்கின்றன. பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. இங்குள்ள பிள்ளைகள் மத்தியத் தொகுப்பு இடங்களில் மெயின்லேண்டுக்குப் போய்ப் படிக்கிறார்கள். ஐந்து வருடப் பட்டம் முடித்தவர் பொதுப் பல் மருத்துவர். அதற்கு மேல் மூன்று வருடம் படித்தவர்தான் பல் சீரமைப்பு நிபுணர். கல்லூரி உள்ள ஊரில் பயிற்சி மருத்துவர்கள் மலிவாகக் கம்பி போடுவார்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியால் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளின் வாய் சீரானது அப்படித்தான். அந்த வசதி கடலுக்கு இப்பால் இல்லை. சென்னை சுமார் 1,200 கி.மீ.; கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள்.

இதற்கிடையே யாரும் பல்லுக்காகப் போடாத ஒரு கம்பி பல்லுக்கு உதவ வந்திருக்கிறது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் போட்ட சுமார் 2,300 கி.மீ. ஒளியிழைக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்று இயக்கத்துக்கு வந்தது. போர்ட் பிளேர் மட்டுமல்ல, ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்டு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்டா, கிரேட் நிக்கோபார் வரை அது போகிறது. செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்த காலத்தில் ஒரு வாயின் முப்பரிமாணக் கோப்பை அனுப்புவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இன்று லிட்டில் அந்தமானின் ஹட் பேயில் எடுக்கும் ஸ்கேன் அன்றைக்கே சென்னையிலோ மும்பையிலோ திறந்துவிடும். மாவுக்கட்டு அச்சு கப்பலில் உடைந்து போன காலம் முடிந்தது. அலைனர் தீவுக்குப் பொருந்துகிறது என்று நான் சொல்வதற்குப் பிளாஸ்டிக்கைவிட இந்தக் கடல் கம்பிதான் பெரிய காரணம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. முப்படைகளின் கூட்டுத் தலைமை 2001இலிருந்து இங்கே இருக்கிறது. படையினரும் மத்திய அரசு ஊழியரும் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போகிறவர்கள். பாதிக் கம்பியோடு ஊர் மாறும் பிள்ளையை ஏற்றுக்கொள்ள அடுத்த ஊர் மருத்துவர் தயங்குவார். யார் எந்த முறையில் என்ன நினைத்துப் போட்டார் என்று அவருக்குத் தெரியாது. அலைனரில் திட்டம் முழுவதும் கோப்பாக இருப்பதால் கைமாற்றுவது எளிது. அப்படி மாற்றித்தர நிறுவனமும் மருத்துவரும் ஒப்புக்கொள்கிறார்களா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பாக்கு விஷயத்தைச் சொல்லாமல் தீவின் வாயைப் பற்றிப் பேச முடியாது. தென்னைக்கு அடுத்தபடி இங்கே பெருந்தோட்டம் கமுகுதான். வெற்றிலை போடும் பழக்கம் குடியேறியவர்களிடமும் நிக்கோபாரிகளிடமும் ஆழமானது. பாக்கைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. அதோடு, வருடக்கணக்கில் பாக்கு மென்றவருக்குக் கன்னத்தின் உட்தோல் இறுகி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் போவதுண்டு. அந்த வாயில் ஸ்கேனர் நுழையாது, உறையைக் கழற்றி மாட்டுவதும் பெரும்பாடு. பல் வரிசைக்காக வந்தவரிடம் முதலில் பாக்கை நிறுத்தச் சொல்லி, ஈறுக்கும் உட்தோலுக்கும் வைத்தியம் பார்ப்பவர்தான் நல்ல மருத்துவர். தபாலில் உறை அனுப்பும் நிறுவனத்துக்கு இது தெரியவே தெரியாது.

பிள்ளைகளின் பல் நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதும் சுவாரசியமான கேள்வி. மானுடவியலாளர் ராபர்ட் கொருசினி 1980களில் சண்டிகர் நகரத்து இளைஞர்களையும் சுற்றுக் கிராமத்தாரையும் ஒப்பிட்டார். ஒரே இன மக்கள்தான். நகரத்தில் பல் வரிசைக் கோளாறு கூடுதல். மென்மையான உணவால் தாடை போதிய அளவு வளர்வதில்லை என்பது அவர் வாதம். மரபுக்கும் பங்குண்டு என்று மற்றவர்கள் மறுத்தார்கள், வழக்கு முடியவில்லை. பிஸ்கட்டும் நூடுல்ஸும் கப்பலேறி எல்லாத் தீவுக்கும் வந்துவிட்ட பிறகு இங்கும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

எல்லாப் பல்லையும் நேராக்கியே தீர வேண்டும் என்பதும் இல்லை. தெத்துப்பல்லை அழகென்று கொண்டாடியவர்கள் நம் ஆட்கள்தான். கடிக்கவும் விளக்கவும் பேசவும் தடையில்லாத வாயை, கைப்பேசிப் படத்துக்காக மட்டும் லட்சம் ரூபாய் கொடுத்து மாற்றுவது அவரவர் விருப்பம். மருத்துவத் தேவை அல்ல. எத்துப்பல்லால் விழுந்து உடைத்துக்கொள்ளும் பிள்ளை, மேல்பல் கீழ் ஈறைக் கடித்துப் புண்ணாக்கும் பிள்ளை, பிளவு உதட்டோடும் பிளவு அண்ணத்தோடும் பிறந்த பிள்ளை: இவர்களுக்குத்தான் சீரமைப்பு கட்டாயத் தேவை. இவர்களில் பெரும்பாலோருக்கு அலைனர் மட்டும் போதாது என்பது கசப்பான உண்மை. தாடை வளரும் வயதில், பத்திலிருந்து பதின்மூன்றுக்குள், வேறு கருவிகள் வேண்டும். பிறகு கம்பி, சிலருக்கு அறுவை. உறை எளிதில் எட்டுவது தேவை குறைந்தவர்களைத்தான்.

பணமும் அந்தப் பக்கமே சாய்கிறது. சாதாரண உலோகக் கம்பிக்கு ஆகும் செலவைப்போல் இரண்டு மூன்று மடங்கு அலைனருக்கு ஆகும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் லட்சங்கள். ஆனால் தீவுக்காரர் கணக்குப் போடும்போது வைத்தியச் செலவோடு பயணம், தங்குமிடம், இழந்த கூலி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கேம்ப்பெல் பேக்காரருக்கு இருபது பயணம் ஆறேழாகக் குறைந்தால் விலை வித்தியாசம் பெருமளவு கரைந்துவிடும். போர்ட் பிளேரின் டெலானிப்பூரில் குடியிருப்பவருக்கு அப்படி எந்த லாபமும் இல்லை. அவர் சிக்கனமாகக் கம்பி போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஆக, என் தீர்ப்பு இது. வளர்ச்சி முடிந்தவர், ஈறு நலமாக இருப்பவர், நெருக்கடியோ இடைவெளியோ சிறிதாக உள்ளவர், வெளித்தீவில் வாழ்பவர்: இந்த நான்கும் சேர்ந்தால் அலைனர் கம்பியைவிட நல்ல தேர்வு. தொடக்கத்தில் எக்ஸ்ரேயும் நேரடிப் பரிசோதனையும், மேடு ஒட்ட ஒரு வருகை, நடுவில் மூன்று மாதத்துக்கொரு பார்வை, கடைசியில் மறு ஸ்கேன் ஆகியவற்றைக் குறைக்கக் கூடாது. மற்றபடி உறை பொருந்துகிறதா என்று கைப்பேசிப் படத்தில் பார்ப்பதில் தவறில்லை. ஒரு உறை கடலில் விழுந்தால், மாற்று உறை கப்பலில் வரும்வரை முந்தைய உறையை மாட்டிக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஆகவே முடிந்த உறைகளை உடனே தூக்கி எறியக் கூடாது. முடிந்த பிறகும் பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். பல்லைப் பிடித்து நிறுத்தும் ரிடெய்னரை இரவுகளில் பல வருடம் போட வேண்டும். இதைக் கடைசி நாளில் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம்.

அந்தமான் நிக்கோபார் சுகாதார இயக்ககம் செய்யக்கூடியது பெரிய செலவுள்ளதல்ல. கார் நிக்கோபார், கேம்ப்பெல் பே, ஹட் பே, ரங்கத் மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ஸ்கேனரும் பல் எக்ஸ்ரேயும் இருக்கட்டும். அங்குள்ள பொதுப் பல் மருத்துவர்களுக்கு மேடு ஒட்டவும் கழன்ற பிராக்கெட்டைத் திரும்ப ஒட்டவும் பயிற்சி கொடுக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பல் சீரமைப்பு நிபுணர் சுற்றி வரட்டும். அப்போது அலைனர் வாங்க முடிந்தவருக்கு மட்டுமல்ல, கம்பி போட வேண்டிய பிள்ளைக்கும் அது பயன்படும்.

அதுவரை, விளம்பரத்தைப் பார்த்து உறை வாங்க நினைக்கும் தீவு வாசகரே, முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: என் வாயை நேரில் பார்த்துத் திட்டத்தில் கையெழுத்திடப்போகும் மருத்துவரின் பெயர், பட்டம், பதிவு எண் என்ன என்று கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.